தாத்தா போட்ட கோணி ரோடு

முதல் நாள்: 2019 நவம்பர் 17, வேலூர் பக்கம் எங்கள் ஊர்

அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனைதான் முதலில் வந்தது. மேலே பாட்டியின் சுங்குடிப் புடவைகள் இரண்டு. அதற்குக் கீழே பழைய ரேஷன் கார்டுகள், நிலத்துப் பத்திரம், வரி கட்டிய ரசீதுகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் மூன்று மெடல்களும் நான்காக மடித்த ஒரு காகிதமும்.

இந்த மெடல்களை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு இல்லை, விளையாடியும் இருக்கிறேன். வட்டமாக இருக்கும் அந்த ஒன்றுதான் எங்களுக்குப் பாண்டி ஆடுகிற சில்லு. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்துக்கொண்டு நிற்கும் சிங்கம். நாங்கள் தேய்த்த தேய்ப்பில் சிங்கத்தின் முகம் மழுங்கிப் போயிருக்கிறது. இன்றைக்கு அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

என் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். 1946-இல் ஊர் திரும்பினார். பிறகு நெடுஞ்சாலைத் துறையில் ரோடு மேஸ்திரி. 1981 ஐப்பசியில் இறந்துபோனார். எனக்கு அப்போது எட்டு வயது. பட்டாளத்தைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிதல்ல. கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர். எங்கள் ஊரிலும் அப்படித்தான், அதனால் யாரும் யாரையும் உட்கார வைத்துக் கதை கேட்டதில்லை.

அப்பாவுக்கு 72 வயது. போன வருஷம் அம்மா போன பிறகு அவராகவே ஒரு நாள், "அவர் எங்கதான் இருந்தாருன்னு தெரிஞ்சுக்கணும்மா" என்றார். அதற்குத்தான் இந்தப் பயணம். தினமும் இரவு எழுதிப் போடுகிறேன். இதே போல வீட்டில் மெடல் வைத்திருப்பவர்கள் யாருக்காவது உதவும்.

மெடலை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்? முதலில் ரிப்பனைப் பாருங்கள். இரண்டு மெடல்கள் ஆறு முனை நட்சத்திரங்கள், ஒரே வார்ப்பில் செய்தது போல இருக்கும். நடுவில் இருக்கும் வட்டத்தில் பெயர் இருக்கும், ஆனால் தூரத்திலிருந்து அடையாளம் சொல்வது ரிப்பன்தான். கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று சமமான பட்டைகள் இருந்தால் அது 1939-45 ஸ்டார். கடற்படை, தரைப்படை, விமானப்படை மூன்றுக்குமான நிறங்கள். நடுவில் சிவப்பு, அதன் இரு பக்கமும் கருநீலம், ஒவ்வொரு கருநீலப் பட்டையின் நடுவிலும் ஓர் ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மா ஸ்டார். சிங்கம் இருக்கும் வட்ட மெடல் வார் மெடல். போர்க் காலத்தில் 28 நாள் முழுநேரப் பணியில் இருந்தாலே அது உண்டு. ஆக, ஆளைப் பற்றி ஏதாவது சொல்லக்கூடியது பர்மா ஸ்டார் ஒன்றுதான்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை பர்மாவில் போரிட்டவர்களுக்கு மட்டும் தந்த மெடல் அல்ல அது. குறிப்பிட்ட காலத்தில் வங்காளத்திலும் அசாமிலும் பணி செய்தவர்களுக்கும் கொடுத்தார்கள். அதனால் பர்மா ஸ்டார் வைத்திருந்தவர் பர்மா மண்ணை மிதித்தார் என்று சொல்லிவிட முடியாது.

முதல் உலகப் போர் மெடல்கள் இந்த விஷயத்தில் நல்லவை. விளிம்பைச் சுற்றி வீரரின் எண், பதவி, பெயர் எல்லாம் பொறித்திருக்கும். லண்டன் கியூவில் இருக்கும் ஆவணக் காப்பகத்தில் அந்தப் போருக்கான மெடல் அட்டைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, கணினியிலேயே தேடலாம். இரண்டாம் போரில் போன நம் தாத்தாக்களுக்கு அப்படி அட்டை இல்லை. எங்கள் தாத்தாவின் மெடல் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். வழுவழு என்று இருக்கிறது, ஓர் எழுத்துக்கூட இல்லை.

காகிதம் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட். எண், பெயர், பதவி நாயக், தொழில் கொத்தனார் எல்லாம் தெரிகிறது. எந்தக் கம்பெனி என்ற இடத்தில் 'ஃபீல்டு கம்பெனி' என்பது மட்டும் இருக்கிறது. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய எண், மடிப்பு விழுந்த இடத்தில் பொடியாக உதிர்ந்துவிட்டது.

மதியம் சாப்பிடும்போது அத்தை தாத்தாவைப் பற்றிச் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன். "கோணியில ரோடு போட்டேன்னு சொல்வாரும்மா. ஊர்ல எல்லாரும் சிரிப்பாங்க. கோணி மேல லாரி போவுமான்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் அவர் அதைச் சொல்றதையே விட்டுட்டார்."

கடைசி நாட்களைப் பற்றியும் சொன்னார். காய்ச்சல், வெளியே அடைமழை. "தம்மு நனையுது, தம்மு நனையுது, மூடு மூடுன்னு ஒரே புலம்பல். பீடியக் கேக்கறார்னு அண்ணன் பத்த வெச்சுக் குடுத்தாரு. வாங்கல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. பீடிக் கட்டை எடுத்துப் பெட்டியில வெச்சு மூடிக்கூடக் காட்டினோம். அடங்கல."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

இரண்டாம் நாள்: நவம்பர் 18, பெங்களூரு

காலை ரயிலில் வந்துவிட்டோம். மெட்ராஸ் சாப்பர்ஸின் வீடு மெட்ராஸில் இல்லை, இங்கே அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. இப்போதைய பெயர் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். 1780-இல் மெட்ராஸ் பயனியர்ஸ் என்று தொடங்கிய படை. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது, தேவைப்பட்டால் துப்பாக்கியும் பிடிப்பது இவர்கள் வேலை. ராணுவத்தில் இவர்களுக்குத் 'தம்பி' என்று பெயர். எந்த மொழிக்காரரும் இவர்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான்கு மாதம் முன்பே கடிதம் எழுதியிருந்தேன். எழுதுகிறவர்கள் கவனத்துக்கு: எண், பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், தாலுகா, சேர்ந்த வருஷம், வெளிவந்த வருஷம் இவ்வளவும் எழுதுங்கள். பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருக்கலாமோ அத்தனை விதமாகவும் எழுதுங்கள். தாத்தாவின் பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர். எண் இல்லாமல் ஒன்றும் நடந்திருக்காது.

பென்ஷன் இல்லாமல் வெளிவந்தவர்களின் கோப்புகளை 25 ஆண்டுகளுக்குப் பிறகு வைத்திருக்க வேண்டியதில்லை என்பது விதி. போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்த வகைதான். மிஞ்சுவது லாங் ரோல் என்ற பேரேடு. அதில் ஓர் ஆளுக்கு ஒரு வரி. தாத்தாவின் வரி இருந்தது! எண், பெயர், அவர் அப்பா பெயர், எங்கள் ஊர், சேர்ந்தது 1942, வெளிவந்தது 1946. அவ்வளவுதான். எந்தக் கம்பெனி, எந்த ஊரில் இருந்தார் என்பதெல்லாம் இல்லை. ஆனாலும் அப்பா அந்த வரியின் நகலை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அருங்காட்சியகத்தைப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தோம். சுற்றிக் காட்ட ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் வந்தார், திருநெல்வேலிக்காரர். சுபேதார் சுப்பிரமணியனின் படத்துக்கு முன்னால் அவராகவே அட்டென்ஷனில் நின்றார். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ என்ற இடம். கண்ணிவெடி வெடிக்கப் போவது தெரிந்ததும் கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்தவர் சுப்பிரமணியன். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் பெற்ற முதல் இந்தியர். காஞ்சிபுரம் பக்கத்தில் கீழோட்டிவாக்கம்தான் அவருக்குச் சொந்த ஊர். நம் பள்ளிப் பாடத்தில் இவர் ஏன் இல்லை என்று எனக்குப் புரியவே இல்லை. நான் 20 வருஷமாக ஆசிரியை, இன்றைக்குத்தான் இவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். முள்வேலியைத் தகர்க்க உலகம் முழுவதும் பயன்படுத்திய பெங்களூர் டார்பிடோவும் இந்தப் படையோடு இருந்த மெக்ளின்டாக் என்ற அதிகாரி 1912-இல் உருவாக்கியதுதான்.

கிளம்பும்போது சும்மா பேச்சுவாக்கில் அப்பா கேட்டார். "சார், கோணியில ரோடு போடுவாங்களா?"

சுபேதார் சிரிக்கவில்லை. "பித்தெஸ்ஸா ஐயா?" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். பிட்டுமின் என்றால் தார், ஹெஸியன் என்றால் சணல் சாக்குத் துணி. இரண்டையும் ஒட்டி வைத்த பெயர்தான் பித்தெஸ். பர்மா எல்லையில் ஜல்லி கிடையாது, கொண்டுபோகவும் வழியில்லை, மழையோ மாசக்கணக்கில் கொட்டும். அதனால் மண்ணை நன்றாகச் சமப்படுத்தி இறுக்கி, தாரில் நனைத்த சாக்குத் துணியை அதன்மேல் விரிப்பார்கள். கூரைக்கு ஓலை வேய்வது போல ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறி இருக்க வேண்டும். கீழே மண் காய்ந்திருக்கும் வரை அதன்மேல் லாரியும் போகும், சில இடங்களில் விமானமே இறங்கியது.

"ஆனா ஒரு இடத்துல கிழிஞ்சாலும் போச்சு ஐயா. மழைத் தண்ணி அடியில எறங்கிடும். மண்ணு கூழாயிடும். மழைக் காலத்துல ராத்திரி பகலா பசங்க அது மேலயே கெடந்து ஒட்டுப் போடணும்."

அப்பா அந்த சுபேதாரின் கையைப் பிடித்தவர் கொஞ்ச நேரம் விடவே இல்லை.

மூன்றாம் நாள்: நவம்பர் 19, வழியில்

பெங்களூரிலிருந்து கொல்கத்தா, அங்கிருந்து திமாப்பூர், பிறகு வண்டியில் கோஹிமா. நாகாலாந்துக்குள் போக உள்நுழைவு அனுமதி வேண்டும், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். திமாப்பூர் கோஹிமா சாலையை அகலப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், வழியெல்லாம் புழுதி. அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நேற்று ராத்திரி அவர் சரியாகத் தூங்கவில்லை. "அத்தனை பேர் சிரிச்சப்போ நானும் சிரிச்சேம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

நான்காம் நாள்: நவம்பர் 20, கோஹிமா, இம்பால்

பர்மாப் போரில் இந்தியப் பக்கம் நடந்த பெரிய சண்டைகள் கோஹிமாவும் இம்பாலும். 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை கோஹிமாவில் சண்டை. அந்த மலைச்சரிவே இப்போது கல்லறைத் தோட்டம். படிப்படியாக ஏறிப் போகிறது, ஒவ்வொரு படியிலும் வரிசையாகக் கற்கள். மொத்தம் 1,420 பேர். துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு குண்டு வீசியிருக்கிறார்கள். மைதானத்தின் கோடுகளை வெள்ளை சிமென்டில் அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்த அகலத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. எதிர்வரிசையில் நிற்கிறவன் மூச்சு கேட்டிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே தகன நினைவிடம். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள். நானும் அப்பாவும் ஒவ்வொரு பலகையாகப் படித்தோம். தாத்தா திரும்பி வந்தவர், அவர் பெயர் இங்கே இருக்காது என்று தெரியும். ஆனாலும் படித்தோம். நம் பக்கத்துப் பெயர்கள் வரும்போதெல்லாம் அப்பா வாய்விட்டுச் சொன்னார். இத்தனை வருஷத்தில் இந்தப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்பில் இங்கே எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

செத்தவர்களுக்குக் கல் இருக்கிறது, பெயர் இருக்கிறது, தேடிப் பார்க்கப் பதிவேடு இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பெயர் கொடுத்தால் எந்த வரிசை என்பது வரை வந்துவிடும். உயிரோடு திரும்பி வந்து, ரோடு மேஸ்திரியாக வாழ்ந்து செத்தவருக்கு லாங் ரோலில் ஒரு வரி. இது சரியில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேலூர் மணிக்கூண்டிலும் முதல் போருக்கு இங்கிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் கல்லில் இருக்கிறது. அவர்கள் யார் என்று எழுத அந்தக் கல்லில் இடமா இல்லை?

மதியத்துக்கு மேல் இம்பாலுக்கு வண்டி. 138 கிலோமீட்டர். இந்தச் சாலையைத்தான் ஜப்பானியர் மறித்துவிட்டார்கள். கோஹிமாவிலிருந்து வந்த படையும் இம்பாலிலிருந்து வந்த படையும் 1944 ஜூன் 22 அன்று 109-ஆம் மைல்கல்லில் சந்தித்தன. அதுவரை இம்பாலுக்கு எல்லாமே விமானத்தில்தான் போயிருக்கிறது.

ஐந்தாம் நாள்: நவம்பர் 21, இம்பால்

இன்றைக்கு இங்கே சங்காய் திருவிழா தொடக்கம். அறை கிடைக்கப் பெரும்பாடு பட்டோம்.

காலையில் மினுத்தோங்கில் இருக்கும் இந்திய ராணுவக் கல்லறைக்குப் போனோம். விக்டோரியா கிராஸ் பெற்ற ஜமேதார் அப்துல் ஹஃபீஸ் இங்கேதான் இருக்கிறார். தகன நினைவிடத்தில் 868 பெயர்கள். 'குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்று தலைப்பு வந்த இடத்தில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

பிற்பகலில் செங்குன்று. ஊருக்குத் தெற்கே திட்டிம் சாலையில் இருக்கிறது. ஜப்பானியர்கள் அடிவாரத்தில் தங்கள் வீரர்களுக்காக ஒரு நினைவிடம் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இம்பால் அமைதி அருங்காட்சியகம், இந்த வருஷம் ஜூன் மாதம்தான் திறந்தார்கள். துருப்பிடித்த ஹெல்மெட்கள், தண்ணீர்க் குடுவைகள், உள்ளூர் மக்கள் வயலில் உழும்போது எடுத்தவை. இம்பால்காரர்களுக்கு இது அவர்கள் வீட்டு வாசலில் நடந்த போர் என்பதை அங்கே போன பிறகுதான் உணர்ந்தேன்.

சுவரில் ஒரு வரைபடம். அப்பாவுக்குச் சின்ன எழுத்து தெரியாது. நான் விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனேன். "இது இம்பால்ப்பா. இங்கேருந்து கீழே வர்றது ஒரு ரோடு. பலேல்... ஷெனம்... மோரே... அப்புறம் பர்மா. தமு..."

"என்ன?"

"தமு. பர்மா எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற முதல் ஊர்."

"இன்னொரு தடவை படிம்மா."

படித்தேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தமு. அங்கிருந்து தெற்கே கலேவா வரை, சிண்ட்வின் என்ற பர்மா ஆற்றின் கரைக்கு, 1944 மழைக்குப் பிறகு இறங்கிய படைக்குச் சாப்பாடும் குண்டும் போன முக்கியமான தரைவழிப் பாதை. சுபேதார் சொன்ன பித்தெஸ் எங்கே போட்டார்கள் என்று உடனே போனில் தேடினேன். தமு - கலேவா சாலை. ஏறக்குறைய 100 மைல்.

தம்மு நனையுது. மூடு.

அப்பா வரைபடத்துக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கே வேலை செய்யும் ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் பீடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த மனுஷர் அவர்.

நாளைக்கு எங்களுக்கு ஊர் திரும்ப விமானம். மாற்றிவிட்டேன்.

ஆறாம் நாள்: நவம்பர் 22, மோரே

இம்பாலிலிருந்து மோரேவுக்கு 110 கிலோமீட்டர். பலேல் வரை சமதளம், நெல் அறுத்த வயல். அதற்கு மேல் மலை. பலேலில் இருந்த விமானத் தளத்தை 1944-இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் தாக்க முயன்றது. "மலேயா தோட்டத்துல இருந்து நம்ம ஆளுங்க நிறைய பேர் அந்தப் படையில சேர்ந்தாங்கல்ல? எதிர்ப்பக்கத்துல யாராவது தமிழ்ல கத்தியிருந்தா இவருக்குக் கேட்டிருக்குமா?" என்று அப்பா கேட்டார். மலேயாத் தமிழர் அந்தப் படையில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது உண்மை. இந்த மலையில் யார் யார் எதிரெதிரே நின்றார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் நினைத்து அழ எனக்கு உரிமை இருக்கிறது.

ஷெனம் கணவாயில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். மேகம் ரோட்டின் மேலேயே படுத்திருந்தது. 1944 ஏப்ரல் முதல் ஜூலை வரை இந்தக் குன்றுகளில் ஒவ்வொன்றுக்கும் சண்டை நடந்திருக்கிறது. கிரீட், மால்டா, ஜிப்ரால்டர் என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். இப்போது புல்லும் காட்டுப் பூவும்தான்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1942-இல், இதே வழியில்தான் பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் நடந்து வந்தார்கள். ரங்கூனை ஜப்பான் பிடித்ததும் லட்சக்கணக்கான இந்தியர்கள் பிள்ளைகுட்டிகளோடு மலையேறினார்கள். தமிழர்கள் ஏராளம். வழியில் செத்தவர்களுக்கு எந்தக் கல்லும் இல்லை. ஒற்றையடிப் பாதையாக இருந்ததை ரோடாக்க வெட்டியவர்களில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு.

அசாம் ரைபிள்ஸ் சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு ஜவான் மஞ்சள் பையைத் திறந்து மெடல்களைப் பார்த்ததும் எழுந்து நின்று சல்யூட் வைத்தார். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கும்பிட்டார்.

மோரேயில் இறங்கினால் தமிழ் கேட்கிறது. கோபுரத்தோடு அங்காள பரமேஸ்வரி கோயில். 1960-களில் பர்மா ராணுவ அரசு கடைகளை எல்லாம் அரசுடைமையாக்கியபோது தமிழ்நாட்டுக்கு வந்த குடும்பங்களில் சில, அங்கே பிழைக்க வழியில்லாமல் பர்மாவுக்கே திரும்பிப் போகலாம் என்று எல்லை வரை வந்தன. உள்ளே விடவில்லை. இந்த ஊரிலேயே தங்கிவிட்டார்கள். மெஸ் வைத்திருக்கும் அம்மா, "எந்த ஊருங்க?" என்றார். வேலூர் பக்கம் என்றதும் இட்லியோடு கூட ஒரு கிண்ணம் அத்தோவும் வைத்தார், பர்மா நூடுல்ஸ். காசு வாங்க மாட்டேன் என்றார். எதற்கு வந்தோம் என்று சொன்னோம். அவருடைய மாமியார், எண்பதைத் தாண்டியவர், உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே வந்து அப்பாவிடம் சொன்னார்: "தம்முதான். எங்க வீட்டுப் பெரியவங்க எல்லாம் தம்முன்னுதான் சொல்வாங்க."

ஏழாம் நாள்: நவம்பர் 23, தமு, மறுபடி மோரே

எல்லை வாயிலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, நாலு மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு போனோம். வாயிலைத் தாண்டியதும் நம்பாலாங் சந்தை. அங்கிருந்து ஆட்டோவில் தமு, ஐந்து கிலோமீட்டர். வண்டிகள் வலப்பக்கமாகப் போகின்றன, கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தேக்கு மர வீடுகள், சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள், கன்னத்தில் தனகா பூசிய பெண்கள். அமைதியான சின்ன ஊர். 1944 ஆகஸ்டில் நேச நாட்டுப் படை இங்கே நுழைந்தபோது பட்டினியிலும் நோயிலும் செத்த ஜப்பானிய வீரர்கள் ஊரெங்கும் கிடந்தார்களாம்.

ஊரின் தெற்கு முனையில் கலேவா போகும் ரோடு தொடங்குகிறது. இப்போது அது நல்ல தார் ரோடு. இந்தியாவின் எல்லைச் சாலை அமைப்பு போட்டுக் கொடுத்து 2001-இல் திறந்தது. தாத்தா போட்ட கோணி இதற்கு அடியில் எங்கேயோ மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

கொஞ்ச தூரம் போனதும் அப்பா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். இறங்கி ரோட்டின் ஓரத்துக்குப் போய்க் குந்தினார். உள்ளங்கையைத் தாரின் விளிம்பில் வைத்து மண் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். எங்கள் ஊரில் தாத்தா இதைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப் போகும்போது நடுவழியில் குந்தி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கையால் பார்ப்பார். எனக்கு நேரமாகிறதே என்று நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுப்பேன்.

"வாட்டம் சரியா வெச்சிருக்கான்" என்றார் அப்பா.

அந்தக் கம்பெனி எண் இன்னும் கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த வழி படைப் பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள். தென்கிழக்கு ஆசியப் படைகளின் நாட்குறிப்புகள் கியூவில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன, டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவிலும் கேட்க வேண்டும். 1944 நவம்பரிலிருந்து 1945 மழைக்காலம் வரை இந்த ரோட்டில் வேலை செய்த மெட்ராஸ் ஃபீல்டு கம்பெனிகள் எவை என்று பார்த்தால் பட்டியல் சுருங்கிவிடும். ஊருக்குப் போனதும் எழுதுவேன்.

இப்போது மோரேயில் விடுதி அறையில் இருக்கிறோம். சற்று முன்தான் அப்பா ஊருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். அத்தையிடம் முதலில் கோணி ரோடு உண்மை என்பதைச் சொன்னார். பிறகு தமுவைச் சொன்னார். மெதுவாக, இரண்டு தடவை சொன்னார்.

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை.

"அப்போ பீடி கேக்கலையாண்ணா?"

"இல்லம்மா. ஊர் பேரச் சொல்லியிருக்காரு. ரோடு நனையுதுன்னு சொல்லியிருக்காரு."

மறுபடி சத்தமில்லை. அத்தை மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இப்ப அங்க மழையாண்ணா?"

"இல்லம்மா" என்றார் அப்பா. "ரோடு காஞ்சுதான் கெடக்கு."